முப்பத்தெட்டுக்கு வந்த பதில்

அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்காலைத் தவிர. அது சுகமாக இருந்தே வருஷக்கணக்காகிறது. நீ சுகமா என்று போனில் கேட்டால் ம், ம் என்கிறாய். அந்த ம்மை எல்லாம் நான் கணக்கில் சேர்ப்பதாக இல்லை. வாயைத் திறந்து சொல், இல்லாவிட்டால் உன் கையெழுத்தில் நாலு வரி எழுதிப் போடு, அப்போதுதான் நம்புவேன். மாடியில் குடியிருந்த நர்ஸ் குடும்பம் காலி செய்துகொண்டு போய்விட்டது. தண்ணீர்த் தொட்டி மறுபடியும் ஒழுகுகிறது, பிளம்பர் நாளைக்கு வருகிறேன் என்று தினமும் தவறாமல் சொல்கிறார். அப்பா உன் அறையைப் பிடித்துக்கொண்டார். ஊரில் உள்ள பழைய ரேடியோ எல்லாம் உன் கட்டிலில்தான் படுத்திருக்கிறது, கேட்டால் ரிப்பேர் என்கிறார். நானும் சாயந்திரம் டீ போட்டதும் பழக்கதோஷத்தில் பாப்பா, டீ ஆறுது என்று கூப்பிட்டுத் தொலைக்கிறேன். அவர் உடனே உன் அறையிலிருந்து உன்னை மாதிரியே மூக்கால் இதோ வர்றேம்மா என்று ராகம் இழுப்பார். நீ போன புதிதில் நான் அழுதுவிடக் கூடாது என்று அவர் ஆரம்பித்த கூத்து அது, அப்படியே நிலைத்துவிட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்பது கடைசியில் தெரியும்.

போன வாரம் நீ போனில் கேட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். நீ வேலைக்குச் சேர்ந்து முதல் செமஸ்டர் முடியவில்லை, அதற்குள் உன் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு வருகைக் குறைவு, பரீட்சை எழுத விடுவதா வேண்டாமா என்று கையைப் பிசைகிறாய். போனிலேயே ரெண்டு வார்த்தையில் சொல்லியிருப்பேன். ஆனால் நான் சொல்ல வேண்டியதைப் போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாய், அம்மாவுக்கு வயசாகிறது என்று அப்பாவிடம் தனியாக வேறு பேசுவாய். காகிதம் என்றால் குறுக்கே பேச முடியாது பார். உட்கார்ந்து முழுசாகப் படி.

விதி உனக்கும் தெரியும், இருந்தாலும் எங்கள் கல்லூரியில் எப்படி என்று சொல்லிவிடுகிறேன். ஒருவன் பாடத்தில் தோற்றால் அதற்கு ஒரு கிரேடு, அடுத்த முறை மறுபடி எழுதலாம், அரியரைச் சுமந்துகொண்டே மேல் வகுப்புக்கும் போகலாம், அளவுக்கு மிஞ்சாமல் இருந்தால் சரி. ஆனால் வருகை நூற்றுக்கு எழுபத்தைந்துக்குக் கீழே போனால் அது தோல்வி இல்லை, அதற்குத் தனி கிரேடு. நோய்க்குச் சான்றிதழ் இருந்தால் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள், அதற்கும் கீழே போனால் பரீட்சை கிடையாது, மேல் வகுப்பு கிடையாது, அடுத்த வருஷம் ஜூனியர் பிள்ளைகளோடு உட்கார்ந்து அதே செமஸ்டரை மறுபடி படிக்க வேண்டும். தோற்றவனுக்கு வழி உண்டு, வராதவனுக்கு இல்லை. இத்தனை வருஷம் நான் இதைச் சரி என்றுதான் நினைத்தேன், வேறு யாராவது கண்ணைக் கசக்கினால் எரிந்து விழுவேன். எங்கள் முதல்வர் எனக்கும் மேலே. எழுபத்து நாலு புள்ளி ஒன்பதை எழுபத்தைந்து என்று எடுத்துக்கொள்ள மாட்டார், அதனால் பிள்ளைகள் அவருக்குத் தசமம் சார் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு வைத்த பெயர் என்ன என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

போன செமஸ்டர் நான் ரெண்டாம் வருஷ மின்னியல் வகுப்புக்குப் பொறுப்பாசிரியை, முதல் வருஷத்திலிருந்தே அவர்களுக்குக் கணக்கு எடுக்கிறேன். அந்த வகுப்பில் ரெண்டு பெண்கள். ஒருத்தி முப்பத்தேழாம் எண், உயரமாக வளைந்து நடப்பாள், குரல் சளி பிடித்த மாதிரி கரகரக்கும், நெட்டை என்று கூப்பிடுவார்கள். இன்னொருத்தி முப்பத்தெட்டு, அவள் தோளுக்குக்கூட வர மாட்டாள், கடுகு. அடுத்தடுத்த எண் என்பதால் லேபில் ஒரே மேசை, ஒர்க்ஷாப்பில் ஒரே பட்டறை, வகுப்பிலும் ஜன்னலோரம் நெட்டை, பக்கத்தில் கடுகு. முதல் வருஷம் முடிந்த விடுமுறையில் நெட்டைக்குக் காய்ச்சல் வந்தது, சாதாரணக் காய்ச்சல் என்று வீட்டில் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது கை மீறிவிட்டது. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், அந்தத் தாயின் முகத்தை உனக்கு எழுத எனக்கு மனசு வரவில்லை. கல்லூரி திறந்ததும் அலுவலகத்தில் கம்ப்யூட்டரிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். எண்ணை மட்டும் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை, அதுவும் ஒரு விதி. ஆகவே திரையில் முப்பத்தாறுக்கு அடுத்து முப்பத்தெட்டு.

நான் வருகை எடுக்கும் லட்சணம் உனக்குத் தெரியும், நீயே என் வகுப்பில் உட்கார்ந்து முறைத்திருக்கிறாய். தலையைத் தூக்குவதில்லை. எண்ணைச் சொல்வேன், எஸ் மேம் என்று வரும், தட்டுவேன், அடுத்த எண். வாய் அதுபாட்டுக்கு ஓடும், அந்த ஓட்டத்தில் முப்பத்தேழு என்று பல தடவை சொல்லியிருக்கிறேன். எஸ் மேம் என்று பதிலும் வரும். திரையில் கட்டமே இல்லாத எண்ணுக்கு எதைத் தட்டுவது, ஏதோ வால்முளைத்தது விளையாடுகிறது என்று நினைத்துக்கொண்டு அடுத்த எண்ணுக்குப் போவேன். முப்பத்தெட்டு. சத்தம் இருக்காது. வரவில்லை என்று தட்டிவிட்டு முப்பத்தொன்பது. நான் மட்டும் இல்லை, எல்லாப் பாடத்திலும் எல்லா ஆசிரியர்களும் இதே கதைதான், ஒருத்தரும் நிமிரவில்லை.

செமஸ்டர் முடிகிற சமயம் குறைவுப் பட்டியல் வந்தது. முதலில் நின்றது கடுகு. லேபைத் தவிர அநேகமாக எந்த வகுப்புக்கும் அவள் வரவில்லை என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. உள்தேர்வு மதிப்பெண்ணைப் பார்த்தால் என் கணக்குப் பாடத்தில் வகுப்பிலேயே ரெண்டாவது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. திறமை இருக்கிறது, கொழுப்பும் இருக்கிறது என்று நினைத்து ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டுவிட்டேன். வந்து என் மேசைக்கு முன்னால் நின்றாள். அவள் அம்மா தையல் வேலை செய்து படிக்க வைக்கிறாள், ஒரு வருஷம் போனால் உதவித்தொகை நின்றுவிடும், அதோடு படிப்புக்கும் முழுக்குத்தான், எல்லாம் தெரிந்துதான் இப்படித் திரிகிறாயா என்று பிடிபிடி என்று பிடித்தேன். அவள் அழவில்லை. நான் ஒருநாள்கூட லீவு போடல மேம் என்றாள். பின்னே ஏன் பதில் சொல்லவில்லை என்றேன். நான் சொன்னேனே மேம், முப்பத்தேழுக்கு நான்தானே சொல்றேன் என்றாள்.

முதல் வருஷம் முதல் வாரத்திலேயே ஆரம்பித்த விளையாட்டாம் அது. நெட்டையின் எண்ணைக் கூப்பிட்டால் கடுகு பதில் சொல்வாள், கடுகின் எண்ணுக்கு நெட்டை. எந்த ஆசிரியராவது நிமிர்ந்து பார்க்கிறார்களா என்று பந்தயம் கட்டி ஆரம்பித்திருக்கிறார்கள், யாரும் பார்க்காததால் அதுவே வழக்கமாகிவிட்டது. வகுப்புக்கே தெரியும், எங்களுக்குத்தான் தெரியாது. சரிம்மா, இப்போது அவள் இல்லையே, உன் எண்ணுக்கு நீ சொல்ல வேண்டியதுதானே என்று குரலை இறக்கிக் கேட்டேன். அதற்கு அந்தப் பெண் என்னை ஏதோ புரியாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்து, நான் சொல்லிட்டா அவ இல்லன்னு ஆயிடும்ல மேம், அவ எப்பவுமே லேட்டாத்தான் சொல்வா, நீங்கதான் அதுக்குள்ள முப்பத்தொன்பதுக்குப் போயிடுறீங்க என்றாள். வெயில் நேரம், பக்கத்து மேசையில் ரெண்டு பேர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கிறார்கள், இருந்தும் நான் நாற்காலியை அவர்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

பிள்ளைக்குத் துக்கம் மனசை அழுத்துகிறது, ஆலோசனை சொல்கிறவரிடம் அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்தேன், அனுப்பவும் செய்தேன். அதோடு அவள் வகுப்பில் இருந்தாள் என்பதற்கு ஆள் தேடி ஒவ்வொரு ஆசிரியரிடமும் போனேன். முகத்தைப் பார்த்தீர்களா என்றால் எல்லாரும் மேலே மின்விசிறியைப் பார்க்கிறார்கள். கடைசியாக மெஷின் லேப் ஆசிரியரிடம் போனேன். உனக்குத் தெரிந்தவர்தான், பிள்ளைகள் கரண்ட் சார் என்பார்களே, அவர். மோட்டாருக்கு லோடு ஏற்றிப் பார்க்கிற சோதனை உனக்கு ஞாபகம் இருக்கும், சுற்றுகிற உருளையில் பெல்ட்டை ஒருத்தர் முறுக்கி இறுக்க வேண்டும், தராசைப் படிக்க வேண்டும், உருளை சூடாகாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும், அதே நேரம் தண்டின் முனையில் வேகமானியை வைத்துப் பிடித்து இன்னொருத்தர் வேகத்தைச் சொல்ல வேண்டும். ஒற்றை ஆளால் ஆகாது. அந்த லேபிலும் கடுகு தனி மேசை. பக்கத்து மேசையிலிருந்து ஆள் கூட்டிக்கொள் என்று அவர் சொன்னாராம், வேண்டாம் சார் என்றாளாம். அவர் திரும்பிக்கொண்டு வேறு மேசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், பின்னால் வேகத்தைப் படித்துச் சொல்கிற குரல் கேட்கிறது, ஆயிரத்து நானூத்தி எண்பது, ஆயிரத்து நானூத்தி அறுபது என்று. யாரோ உதவிக்கு வந்துவிட்டார்கள் என்று நிம்மதியாகத் திரும்பினால், கடுகு ரெண்டு கையாலும் பெல்ட்டை முறுக்கிக்கொண்டு நிற்கிறாள், பக்கத்தில் யாரும் இல்லை, வேகமானி மேசைமேல் இருக்கிறது, முள் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. குரல் எப்படி இருந்தது என்று கேட்டேன். சளி பிடிச்ச மாதிரி என்றார். அப்புறம், ரீடிங் எல்லாம் வகுப்பிலேயே அவளுதுதான் சுத்தம் மேடம், ரெண்டு பேர் செஞ்ச வேலை, மார்க்கு ஒருத்திக்குத்தான் போட முடிஞ்சது, இதோட விட்டுடுங்க என்று எழுந்து போய்விட்டார். பாவம், மனுஷன் அன்றிலிருந்து அந்த மேசைக்கு முதுகைக் காட்டி நிற்பதில்லை.

லேபுக்கு வந்திருக்கிறாளே, மதிப்பெண் வாங்கியிருக்கிறாளே என்று தசமம் சாரிடம் போய் நின்றேன். பேயைப் பற்றியா பேச முடியும், பெல்ட்டை மட்டும் பேசினேன். அவர் அசையவில்லை. வீட்டில் படித்துவிட்டுப் பரீட்சைக்கு மட்டும் வருகிறவர்கள் எத்தனையோ பேர், மதிப்பெண் வேறு வருகை வேறு, ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்க எந்த விதியும் இல்லை என்றார். இத்தனை வருஷம் நான் மற்றவர்களிடம் சொன்னதை அவர் என்னிடம் சொல்கிறார், பாப்பா, எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். நான் விடவில்லை. அவள் உட்கார்ந்திருந்தாள், நாங்கள் பார்க்கவில்லை, பார்க்காதது எங்கள் தப்பு, அதற்கு அவள் ஏன் ஒரு வருஷம் கொடுக்க வேண்டும் என்று சத்தம் போட்டேன். அவர் யோசித்தார். யோசித்துவிட்டு, நாளைக்கு நானே வகுப்பில் வந்து உட்காருகிறேன், நீங்கள் எப்போதும் போல எடுங்கள், முப்பத்தெட்டுக்குப் பதில் வந்தால் உங்கள் சான்றை ஏற்றுக்கொண்டு மீதியைச் சரிசெய்யச் சொல்கிறேன், வராவிட்டால் பட்டியல் பட்டியல்தான் என்றார். அதற்குமேல் இறங்க மாட்டார், இவ்வளவு இறங்கியதே பெரிசு.

கடுகைத் தேடிப் போய் விஷயத்தைச் சொன்னேன். நாளைக்கு ஒரே ஒரு தடவை, உன் எண்ணுக்கு நீ வாயைத் திற, உன் அம்மாவுக்காகச் சொல் என்று அந்தச் சின்னக் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். யாரிடமும் கெஞ்சாதவள் நான், உனக்கே தெரியும். அவள் தலையைக் குனிந்துகொண்டு, அவ சொல்வா மேம், நீங்க கொஞ்சம் பொறுத்துக்கிட்டா போதும் என்றாள்.

மறுநாள் காலையிலிருந்தே மழை. வகுப்பில் விளக்குப் போட்டிருந்தது. தசமம் சார் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து மடியில் காகிதத்தை வைத்துக்கொண்டார். ஜன்னலோரம் நெட்டையின் இடம் காலி, அந்த வரிசையில் எவ்வளவு நெருக்கி உட்கார வேண்டியிருந்தாலும் யாரும் அங்கே உட்காருவதில்லை என்று அன்றுதான் பார்த்தேன். மேசையின் மற்ற இடமெல்லாம் ஜன்னல் தூசி, அங்கே மட்டும் தினமும் கை வைத்துத் தேய்த்த மாதிரி சுத்தம். அன்றைக்கு நான் திரையைப் பார்க்கவில்லை, தலையைத் தூக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கூப்பிட்டேன். முப்பத்தாறு வந்தது. தாண்டிவிடலாம் என்றுதான் இருந்தேன், வாய் கேட்கவில்லை, முப்பத்தேழு என்றேன். எஸ் மேம் என்று கடுகு பளிச்சென்று சொன்னாள். முப்பத்தெட்டு என்றேன். அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், மூடியிருந்தது. மழைச் சத்தம், மின்விசிறிச் சத்தம். சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் கத்துகிறேன், அவள் ஜன்னல் பக்கம் லேசாகத் திரும்பி, தூங்குகிறவளை எழுப்புகிற மாதிரி முழங்கையால் காற்றை ஒரு இடி இடித்தாள். பொறுத்துக்கொள் என்று சொன்னாளே என்று பொறுத்தேன். முப்பத்தொன்பதாம் எண்காரன் பதில் சொல்ல வாயைத் திறந்து வைத்திருந்தவன் மூடிக்கொண்டான்.

எஸ் மேம் என்று வந்தது. கரகரப்பாக, தூக்கக் கலக்கமாக, கடைசியில் ஒரு சிரிப்பை அடக்கிக்கொண்டு. காலி இடத்திலிருந்து வந்தது. கடுகின் உதடு அசையவில்லை, என் கண் அதை விட்டு நகரவில்லை, அம்மா உன்னிடம் பொய் சொல்வேனா. முதல் வருஷம் முழுக்க நான் முப்பத்தெட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்த அதே குரல். வகுப்பில் ஒரு பிள்ளையும் திரும்பவில்லை. எல்லாரும் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள், முன்வரிசைப் பையன் ஒருவனுக்கு மட்டும் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. பின்னாலிருந்து தசமம் சார், ம், குறிச்சுக்கிட்டேன், மேல போங்க மேடம் என்றார். அவர் தலையைத் தூக்கவே இல்லை. அவரும் எங்களை மாதிரிதானே, காகிதத்தைப் பார்த்தே பழக்கப்பட்டவர். அன்றைக்கு அந்தப் பழக்கத்துக்கு நான் மனசார நன்றி சொன்னேன். முப்பத்தொன்பது என்று நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை.

கடுகு பரீட்சை எழுதினாள். போன மாதம் முடிவு வந்தது, ஒரு அரியர் இல்லை, மெஷின் லேபில் முதல் கிரேடு, அடுத்த செமஸ்டருக்குப் போய்விட்டாள். இந்த செமஸ்டரும் அவர்களுக்கு நான் ஒரு பாடம் எடுக்கிறேன். முதல் நாள் நிமிர்ந்து உட்கார்ந்து, முப்பத்தேழை நாக்கைக் கடித்துத் தாண்டி, முப்பத்தெட்டு என்றேன். கடுகே எஸ் மேம் என்றாள். வெளியே வந்ததும் ஏன்மா என்று கேட்டேன். இனிமே உன்னுதுக்கு நீயே சொல்லிக்கோ, எனக்குத் தூரமா இருக்குன்னு சொல்லிட்டா மேம் என்றாள், கேன்டீனுக்குப் போகிறேன் என்கிற மாதிரி சாதாரணமாக. அப்புறம்தான் அழுதாள். நானும் அங்கேயே, படிக்கட்டில் நின்றுகொண்டு அழுதேன், பிள்ளைகள் பார்த்தால் பார்க்கட்டும் என்று.

அதனால் உன் கேள்விக்கு என் பதில் இதுதான். விதியை மீறச் சொல்லவில்லை, உன் வேலைக்கு உலை வைக்க மாட்டேன். குறைவு என்று எழுதுமுன் நீயே வகுப்புக்குப் போய் அந்த இடத்தில் ஆள் இருக்கிறதா என்று உன் கண்ணால் பார். தலையைத் தூக்கி முகத்தைப் பார்த்துக் கூப்பிடு, கொஞ்சம் லேட்டாகச் சொல்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பொறு. பெயரை எடுத்துவிட்ட எண் எதுவாவது இருந்தால் அதை மட்டும் வாயால் கூப்பிடாதே. எதற்கு என்று கேட்காதே. ராத்திரி கண் விழித்துத் திருத்தாதே, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ, தனியாக இருக்கிறோம் என்று பிரெட்டை மென்று காலம் தள்ளாதே. நீ நூறு வயசு இருக்கணும், எங்களுக்குப் பின்னாலும் ரொம்ப காலம் நன்றாக இருக்கணும். அப்பாவும் ஆசி சொல்லச் சொன்னார்.

அப்பாவிடம் அந்த மூக்குக் குரல் கூத்தை நிறுத்தச் சொல்லிவிட்டேன். என் பெண்ணுக்கு வேறு யாரும் பதில் சொல்ல வேண்டாம் என்றேன். முதலில் சிரித்தார், அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு சரி என்றார். நேற்று அவர் பிளம்பரைத் தேடிப் போயிருந்தார், வீட்டில் நான் மட்டும்தான். டீயை ஊற்றிக்கொண்டே பாப்பா, டீ ஆறுது என்று கூப்பிட்டுவிட்டேன். கூப்பிட்ட பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது, டீ மேடையெல்லாம் கொட்டியது. உன் அறைக் கதவு திறந்திருந்தது. அப்படியே நின்றேன், லேட்டாக வருமோ என்று டீ ஆறி ஆடை படிகிறவரை நின்றேன். பதிலே வரவில்லை. அதற்கு அப்புறம்தான் உட்கார்ந்து அந்த ஆறிப்போன டீயைக் குடித்தேன், இந்த வருஷத்திலேயே நான் குடித்த நல்ல டீ அதுதான். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவேன், ம் என்று சொல்லாதே, வாயைத் திறந்து இருக்கேம்மா என்று சொல்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா